அப்பாவின் ஆயில் இன்ஜினும் 1917ஆம் ஆண்டுக் கப்பல்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் பொறுமையாகப் படிக்கவும்.

மேலே நான் போட்டிருக்கும் படத்தில் இருப்பது எங்கள் கிணற்று ஆயில் இன்ஜினின் சிலிண்டர் ஹெட். மாட்டுக் கொட்டகையைப் பிரித்தபோது பழைய கலப்பைகளுக்கு அடியில் கிடைத்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பக்கவாட்டில் மஞ்சளாக ஒரு கோடு தெரியும். அது பித்தளை. அதை ஒட்டி, முடிச்சு முடிச்சாகக் கறுப்பாக ஒரு தழும்பும் இருக்கும். நம் சொந்தக்காரர்களில் வயதானவர்கள் அந்தக் கறுப்புத் தழும்பைப் பார்த்ததும் ஒரு வெல்டரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். இந்தப் பதிவே அவருக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் அவரிடம் போவதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். வாத்தியார் புத்தி, மன்னிக்கவும்.

1972. எனக்கு 13 வயது. நம் தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து (1965 அக்டோபர் 2) ஏழு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் காட்டுக்குக் கரண்ட் வரவில்லை. கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின். அது ஓடும்போது சூடேறாமல் இருக்க, இறைக்கும் தண்ணீரிலேயே ஒரு சிறு குழாய் பிரித்து இன்ஜினுக்குள் விட்டிருப்பார்கள். அது உள்ளே சுற்றி மறுபக்கம் வெதுவெதுப்பாக வெளியே கொட்டும். அந்தச் சிறு குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதுதான் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் என் வேலை. அன்று நான் பார்க்கவில்லை, கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். கிணற்றில் தண்ணீர் குறைந்து சேறு ஏறி, குழாய் அடைத்துக்கொண்டது. இன்ஜின் சத்தம் மாறியபோதுதான் தலை நிமிர்ந்தேன். நிறுத்தினேன். நிறுத்திவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பயத்தில் ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரை எடுத்து அந்தக் கொதிக்கிற ஹெட்டின் மேல் ஊற்றினேன். டிங் என்று ஒரு சத்தம். நாலு விரற்கடை நீளத்துக்கு விரிசல்.

அரிக்கேன் விளக்கு எரியும்போது சிம்னியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று உங்களில் பலருக்கு நான் வகுப்பில் காட்டியிருக்கிறேன். எல்லா வருடமும் அந்தச் சோதனையை விடாமல் செய்ததற்குக் காரணம் இந்த ஹெட்தான். யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா அடிக்கவில்லை. மறுநாள் விடியற்காலை ஹெட்டைக் கழற்றிச் சாக்கில் கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். காட்டில் தக்காளி பூவெடுத்திருந்தது. ஒரு வாரம் தண்ணீர் இல்லையென்றால் போயிற்று.

இங்கே நிறுத்தி, இந்த இரும்பு என்ன இரும்பு என்று சொல்லிவிடுகிறேன்.

அருவாள், மண்வெட்டி இரும்பு வேறு, இன்ஜின் ஹெட் இரும்பு வேறு. ஹெட் வார்ப்பிரும்பு, பட்டறையில் காஸ்டிங் என்பார்கள். இதில் கரி (கார்பன்) நூற்றுக்கு மூன்று, மூன்றரை பங்கு இருக்கும். சாதாரண கம்பியில் இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அந்தக் கரியால்தான் அது சுமார் 1150 - 1200 டிகிரியிலேயே உருகித் தண்ணீர் போல அச்சுக்குள் ஓடுகிறது. கம்பி இரும்பு உருக 1500 டிகிரி வேண்டும். எந்த வடிவத்தையும் சுலபமாக வார்க்கலாம், விலையும் மலிவு. கோயம்புத்தூர் வார்ப்படப் பட்டறைகளிலிருந்து வந்த பம்புகள் எல்லாம் இந்த இரும்புதான். ஆனால் அதே கரிதான் அதன் எமனும். உள்ளே கரி மெல்லிய செதில் செதிலாகப் பிரிந்து கிடக்கும். ஒவ்வொரு செதிலும் ஒரு குட்டி விரிசலுக்குச் சமம். நசுக்கினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். வளையவே தெரியாது.

நம் பகுதிக்கும் இரும்புக்கும் தொடர்பு பழையது. சேலம் கஞ்சமலைத் தாது உலகப் பிரசித்தம். ஆனால் நம் முன்னோர்களின் களிமண் உலைகளில் இரும்பு முழுதாக உருகி ஓடவில்லை. களி உருண்டை போல ஒரு கட்டியாகத்தான் வரும். அதைச் சுத்தியால் அடித்து அடித்துக் கசடு நீக்குவார்கள். பெரிய உலை கட்டி, உருக்கி ஓடவிட்ட இரும்பு இங்கே வந்தது ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயரால். சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் இருந்தவர். 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார், தாது சேலம் பக்கத்திலிருந்து போயிற்று. ஆலை சில பத்தாண்டுகளில் நொடித்துவிட்டது. ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகு காய்ச்சும்போது மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். அப்படிக் காய்ச்சிய எஃகு மற்ற இரும்போடு நன்றாக ஒட்டியது. மற்றவர்கள் அதில் பணம் பண்ணினார்கள். இவர் வழக்கு நடத்தியே 1851இல் இறந்தார். அவர் கதை தனிப் பதிவுக்கு ஆகும்.

தர்மபுரியில் அப்போது நாங்கள் போனது ஒரு சின்ன வெல்டிங் கடை. வெல்டர் ஹெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது காஸ்டிங்குங்க. என்கிட்ட இருக்கறது சாதா ராடு. நிக்கும்னு சொல்ல முடியாதுங்க" என்றார். அப்பா, "நீங்க போடுங்க" என்றார். போட்டார். நீலமாகப் பளிச்சிட்டதைப் பார்க்காதே என்று என் முகத்தைத் திருப்பிவிட்டார் அப்பா. முடித்ததும் வெல்டர் சொன்னது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. "ராத்திரி சாம்பல்ல கிடக்கட்டும். காலையில வந்து எடுத்துக்கங்க."

எங்களுக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு.

மீதியைப் பின்னால் சொல்கிறேன். ஊருக்கு வந்து மாட்டுவதற்கு முன்பே, வெல்டிங்குக்கு அரை விரல் தள்ளி, புதிதாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. "கெடுத்துட்டான்" என்றார் அப்பா. பேசிய கூலியில் பாதிதான் கொடுத்திருந்தார். மீதியைக் கொடுக்கவே இல்லை.

பிறகு ஒருவர் சொல்லிச் சேலத்தில் ஒரு பழைய பட்டறைக்குப் போனோம். அங்கே செங்கல்லை அடுக்கி, நடுவில் ஹெட்டை வைத்து, சுற்றிலும் அடுப்புக்கரி போட்டு, அது மங்கிய சிவப்பாகும்வரை சூடேற்றினார்கள். அந்தச் சூட்டிலேயே கேஸ் வைத்துப் பித்தளையால் ஒட்டினார்கள். மேலே சாம்பலைக் கொட்டி மூடிவிட்டு, "நாளை மறுநாள் வாங்க" என்றார்கள். இந்த முறை அப்பா பேசவில்லை. அந்த மஞ்சள் கோடுதான் படத்தில் இருப்பது. கரண்ட் வந்து மோட்டார் போடும்வரை ஒழுகவே இல்லை. ஆனால் அந்த வருடத் தக்காளி போய்விட்டது. அம்மாவின் தோடும் போயிற்று.

இனி கப்பல் கதை.

"அவன் பெரிய எம்டன்" என்று நம் பாட்டிகள் சொல்லுவார்கள். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் எம்டன். அதே முதல் உலகப் போர் தொடங்கியதும் ஜெர்மனியின் வேறு பல கப்பல்கள், பெரிய பெரிய பயணிகள் கப்பல்கள், அமெரிக்கத் துறைமுகங்களில் போய் ஒதுங்கிக்கொண்டன. அமெரிக்கா அப்போது நடுநிலை. 1917 ஏப்ரல் 6ஆம் தேதி அதுவும் போரில் இறங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களை அமெரிக்கா கைப்பற்றியது. ஏறிப் பார்த்தால், ஜெர்மன் மாலுமிகள் இன்ஜின்களை முன்பே பாழாக்கியிருந்தார்கள். எதை உடைப்பது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது: வார்ப்பிரும்பு. ஆள் உயரத்துக்கு மேலான நீராவி சிலிண்டர்களின் சுவர்களை இடித்துப் பெயர்த்திருந்தார்கள். வார்ப்பிரும்பை ஒட்ட முடியாது, புதிதாகத்தான் வார்க்க வேண்டும், அதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும், அதற்குள் போர் முடிந்துவிடும் என்பது கணக்கு. அமெரிக்காவிலும் இன்ஜின் செய்பவர்கள் பலர் அதையேதான் சொன்னார்கள்.

நியூயார்க் கடற்படைத் தளத்தில் ஜெசப் என்ற பொறியியல் அதிகாரி, மின்சார ஆர்க் வெல்டிங்கில் ஒட்டலாம் என்றார். அப்போது ஆர்க் வெல்டிங்குக்கே வயது முப்பது சொச்சம்தான். ரஷ்யாவில் பெனார்தோஸ் 1880களில் கரித்துண்டை வைத்து ஆர்க் உண்டாக்கி உலோகத்தை உருக்கினார். அதே நாட்டு ஸ்லாவியானோவ் கரிக்குப் பதில் உலோகக் கம்பியையே வைத்தார், கம்பியும் உருகிச் சேர்ந்துகொண்டது. ஸ்வீடனில் ஆஸ்கர் கெல்பர்க் கம்பிக்கு மேல் மருந்து பூசினார். இன்று நாம் பார்க்கும் பூச்சு ராடின் பாட்டன் அதுதான். ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் எஃகுக்கு. வார்ப்பிரும்பில் ஆர்க் வைத்தால் என் அப்பாவின் ஹெட்டுக்கு நடந்ததுதான் நடக்கும்.

ஏன் நடக்கிறது? ஆர்க் பட்ட இடம் உருகுகிறது, ஒரு விரல் தள்ளி இரும்பு சில்லென்று இருக்கிறது. அந்தக் குளிர்ந்த பகுதி சூட்டை இழுத்துக்கொள்ள, உருகின இடம் சட்டென்று இறுகுகிறது. மெதுவாக ஆறினால் செதிலாகப் பிரிய வேண்டிய கரிக்கு நேரமே கிடைக்காமல், இரும்போடு கூடிக் கண்ணாடி போன்ற வெள்ளை இரும்பாகிவிடுகிறது. அரம் போட்டால் வழுக்கும், டிரில் ஏறாது. இன்னொரு பக்கம், எஃகு ராடு உருகும்போது பக்கத்து வார்ப்பிரும்பின் கரியைக் குடித்து அதுவும் கடினமாகிறது. ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது பக்கத்தை இழுக்கிறது. இழுத்தால் விட்டுவிடும் இரும்பு அல்லவா? வெல்டிங் நிற்கிறது, பக்கத்தில் உடைகிறது. என் ஹெட்டில் புது விரிசல் தள்ளி ஓடியதன் ரகசியம் இதுதான்.

கடற்படைக்காரர்கள் ஒட்டை மட்டும் நம்பவில்லை. உடைந்த விளிம்பைச் செதுக்கிச் சீராக்கினார்கள். விளிம்பின் ஓரமாக வார்ப்பிரும்பில் ஓட்டை போட்டு, மரை வெட்டி, எஃகு ஸ்டட்டுகளை வரிசையாகத் திருகி ஏற்றினார்கள். பெயர்ந்து போன துண்டுக்குப் பதில் எஃகில் வார்த்த துண்டைப் பொருத்தினார்கள். வெல்டிங் உலோகம் ஸ்டட்டுகளின் தலையைப் பிடித்துக்கொண்டது, ஸ்டட்டுகள் மரையால் வார்ப்பிரும்பைப் பிடித்துக்கொண்டன. சுமை பலவீனமான கோட்டில் விழாமல் உள்ளே இறங்கியது. சில இடங்களில் வெல்டிங்கே இல்லாமல் பட்டை வைத்து போல்ட் போட்டார்கள். அந்த வருடம் முடிவதற்குள் கப்பல்கள் அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு பிரான்சுக்குப் போய்க்கொண்டிருந்தன. 'கைசர் வில்ஹெல்ம் 2' என்ற கப்பல் 'அகமெம்னான்' என்று பெயர் மாறி, தன் சொந்த நாட்டுக்கு எதிராகவே ஆள் சுமந்தது. உடைத்துவிட்டுப் போனவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சில சமயம் நினைத்துப் பார்ப்பேன்.

நிக்கல் ராடு பிறகு வந்தது. உருகிய நிக்கல் கரியைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும், ஆறும்போது கடினப் பொருளாக்காமல் மென்மையான செதிலாகவே வெளியே விட்டுவிடும். ஒட்டும் மென்மையாக இருப்பதால், சுருங்கும்போது அதுவே கொஞ்சம் நீண்டுகொடுக்கும். சுத்த நிக்கல் ராடு, பிறகு லேத்தில் கடைய வேண்டிய மெல்லிய பாகத்துக்கு. பாதிக்குப் பாதி நிக்கலும் இரும்பும் கலந்தது, தடித்த பாகத்துக்கும் பலம் வேண்டிய இடத்துக்கும். நம் நாட்டில் அத்வானி-ஓர்லிகான் கம்பெனி 1951இல் தொடங்கியது, திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975இல் வந்தது. நாங்கள் 1972இல் போன அந்தச் சின்னக் கடையில் நிக்கல் ராடு இல்லாததில் ஆச்சரியமில்லை. இன்றும் சின்னக் கடைகளில் எல்லா நேரமும் இருப்பதில்லை. ஒரு ராடு விலைக்கு ஹோட்டலில் ஒரு சாப்பாடு சாப்பிடலாம்.

இதையெல்லாம் எனக்குப் புரியவைத்தது புத்தகம் மட்டும் இல்லை, என் மாணவன் ஒருவன். பாலக்கோடு ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறான். பெயர் போடாதீங்க சார் என்று சொல்லிவிட்டான். அவன் எட்டாம் வகுப்பு படிக்கும்போது கணக்கு வராததற்காக, "நீயெல்லாம் வெல்டிங் கடைக்குத்தான் லாயக்கு" என்று எல்லார் முன்னாலும் சொன்னவன் நான். அவன் வகுப்புத் தோழர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். நீங்கள் சிரித்தீர்கள். சிரிக்க வைத்தது நான்.

போன மாதம் என் சித்தப்பா மகனின் வெல்ல ஆலையில் கரும்பு பிழியும் மெஷினின் பக்கச் சட்டம் விரிந்துவிட்டது. கொப்பரையில் பாகு, காட்டில் வெட்டிப் போட்ட கரும்பு. இவனிடம் கொண்டு போனோம். நான் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழுதும் பார்த்தேன்.

முதலில் ஆர்க்கே வைக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு புகைந்து தீரும்வரை சூடு காட்டினான். வார்ப்பிரும்பு எண்ணெயைக் குடித்து வைத்திருக்குமாம், அது போகாமல் போட்டால் ஒட்டு முழுக்கக் குமிழ். பிறகு விரிசலின் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டான், விரிசல் அதற்கு மேல் ஓடாமல் நிற்க. கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டியும் விரிசல் இருக்கும் என்பதால் கொஞ்சம் தள்ளியே போட்டான். அப்புறம்தான் கிரைண்டரால் பள்ளம் எடுத்தது. பெட்டியில் காயவைத்திருந்த மெல்லிய நிக்கல் ராடு, கரண்ட் குறைவு. ஒரு அங்குலம் ஓட்டுவான், நிறுத்துவான். சூடு ஆறுவதற்குள் உருண்டைத் தலைச் சுத்தியால் ஒட்டின் மேல் பொட்டு பொட்டென்று தட்டுவான். சுருங்கி இழுக்கப் பார்க்கும் உலோகத்தைத் தட்டி விரித்துவிடுவது அது. பிறகு பக்கத்தில் கையை வைத்துப் பார்ப்பான். கை பொறுத்தால்தான் அடுத்த அங்குலம், அதுவும் தொடர்ச்சியாக இல்லாமல் வேறொரு இடத்தில். நாலு அங்குலத்துக்கு மத்தியானம் முழுக்க ஆயிற்று.

"சேலத்துல முழுசா சிவக்கக் காய்ச்சினாங்களே?" என்று கேட்டேன்.

"அதுவும் சரிதான் சார். ஒண்ணு முழுசாக் காய்ச்சணும், இல்லைன்னா கை பொறுக்கற சூட்டுக்கு மேல ஏறவே விடக் கூடாது. நடுவுல நின்னாத்தான் வம்பு."

சட்டத்தின் தடித்த பகுதிக்கு வந்ததும் ராடைக் கீழே வைத்தான். டிரில் எடுத்து, பள்ளத்தின் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, மரை வெட்டி, ஸ்டட்டுகளைத் திருக ஆரம்பித்தான். எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கே கற்றாய் என்று கேட்டேன். ஐடிஐயில் சொல்லவில்லையாம், தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி செய்வாராம். அவருக்கு யார் சொன்னார்களோ. 1917, நியூயார்க், கப்பல் என்று நான் அவனுக்கு அங்கேயே பாடம் நடத்தினேன். ஸ்டட்டைத் திருகிக்கொண்டே கேட்டான். "அப்ப இது மிலிட்டரி வேலைன்னு சொல்லுங்க சார்" என்று சிரித்தான்.

முடித்து, சுண்ணாம்புத் தூளில் புதைத்தான். நாளைக்குக் காலையில்தான் தருவேன் என்றான். சித்தப்பா மகன் துடித்தான், பாகு கெட்டுப்போகும் என்றான். இவன் அசையவில்லை. சட்டம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் பையில் கொண்டு போயிருந்த ஹெட்டை அப்போதுதான் அவனிடம் எடுத்துக் கொடுத்தேன். மஞ்சள் கோட்டைத் தடவி, நல்ல கை என்றான். கறுப்புத் தழும்பை வெகுநேரம் பார்த்தான். "இதுவும் மோசமில்ல சார். சாதா ராடுதான். ஆனா பாருங்க, கொஞ்சம் கொஞ்சமா விட்டு விட்டுத்தான் போட்டிருக்காரு. வெவரம் தெரிஞ்ச ஆளு. சாதா ராடு நின்னிருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த மாதிரி பக்கத்துல ஓடுனா, சூட்டோட சூடா யாரோ குளிர வெச்சிருக்காங்க."

யாரோ இல்லை. ஆறரை மணி பஸ்ஸுக்காக, கை வைக்க முடியாத சூட்டில் இருந்த ஹெட்டை அப்பா ஈரச் சாக்கில் சுற்றினார். வெல்டர் வேண்டாம் வேண்டாம் என்று சாலைவரை வந்தார். அந்தச் சாக்கைக் குழாயடியில் நனைத்துக்கொண்டு வந்தது நான். புஸ் என்று ஆவி வந்தது. பஸ்ஸில் மடியில் வைத்திருந்தபோது உள்ளே டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. அது என்ன சத்தம் என்று எனக்கு அப்போதே தெரியும், அதற்கு முந்தின நாள்தான் கேட்டிருந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் குடும்பத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பெரியப்பா வீட்டுக் கல்யாணங்களில் அந்த வெல்டர் கதை வரும்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அப்பா இப்போது இல்லை. கடை இருந்த இடம் தர்மபுரி பழைய பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில், ஒரு புளியமரத்தை ஒட்டி. மரமும் இல்லை, கடையும் இல்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது. அப்போதே நாற்பது வயதிருக்கும், கண்ணாடிச் சட்டத்தை நூலால் காதில் கட்டியிருப்பார். 1970களில் அந்தப் பக்கம் கடை வைத்திருந்த வெல்டர் குடும்பத்தை உங்களில் யாருக்காவது தெரிந்தால், பொதுவில் எழுத வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். பேசிய கூலி பன்னிரண்டு ரூபாய், கொடுத்தது ஆறு. மீதியைக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.